கூரைப் பீலியை மறைத்துப் பொருத்துவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அண்மைக் காலத்தில் எழும் புதிய வீடுகளில் கூரைப் பீலியையும், அதாவது கூரையோரத்தில் மழைநீரை ஏந்திக் குழாய்க்கு அனுப்பும் வாய்க்காலையும், அதைத் தாங்கும் கொளுக்கிகளையும் வெளியே தெரியாதபடி பொருத்தும் வழக்கம் வேகமாகப் பரவி வருகின்றது. கூரையோரத்தை மூடும் முகப்புப் பலகையின் மேல் இரும்புக் கொளுக்கிகள் வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்பதை இப்போது வீட்டுக்காரர்கள் விரும்புவதில்லை. படம் வரைபவரிடம் முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த விருப்பத்தில் நான் குறை காணவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டட வரைபடம் வரைந்து பிழைத்தவன் என்ற முறையில், ஒரு வீட்டின் முகம் நேராகவும் துப்புரவாகவும் இருக்கவேண்டும் என்ற ஆசையை நன்றாக அறிவேன். ஆனால் மறைப்பதற்காகச் செய்யப்படும் வேலைகள் பல, பீலி எதற்காக வைக்கப்படுகிறதோ அந்தப் பயனையே கெடுத்துவிடுகின்றன என்பதைக் கடந்த மாரியில் என் தங்கையின் வீட்டில் கண்ணால் கண்டேன். அடுத்த மாரி தொடங்குமுன் இதைப் பற்றி எழுதவேண்டும் என்று அப்போதே எண்ணிக்கொண்டேன்.

அந்த வீட்டுக்கு வயது மூன்று. ஓட்டுக் கூரையின் இறவாரத்தைச் சுற்றிச் சீமெந்து நார்ப் பலகையால் ஒரு பெட்டி அடித்து, அதனுள் பிவிசி பீலியை வைத்து, கீழ்ப்புறத்தையும் பலகையால் மூடிப் பூச்சுப் பூசியிருந்தார்கள். முற்றத்தில் நின்று பார்த்தால் பீலி இருப்பதே தெரியாது. கார்த்திகையில் இரண்டு நாட்கள் விடாமல் மழை பெய்தபோது விறாந்தைச் சுவரில் ஈரம் இறங்கியது. ஓடு உடைந்திருக்கும் என்று எண்ணிக் கூரையில் ஆள் ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு ஓடும் உடைந்திருக்கவில்லை. சில நாட்கள் கழித்து, அயலில் டெங்குக் காய்ச்சல் கண்டதனால் வீடு வீடாகப் பார்வையிட வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஏணியில் ஏறி, ஓட்டுக்கும் பெட்டிக்கும் இடையிலிருந்த இடுக்கினுள் கைத்தொலைபேசியை நுழைத்துப் படம் எடுத்துக் காட்டினார். பீலியின் நடுப்பகுதியில் ஏறத்தாழ நான்கு மீற்றர் நீளத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் வேப்பஞ்சருகு ஊறிக் கிடந்தது, நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. கழற்றுவதற்கு எந்த வழியும் வைக்கப்படாத பெட்டியாகையால் அதை உடைத்தே திறக்கவேண்டியிருந்தது. உள்ளே மூன்று கொளுக்கிகள் நார்ப் பலகையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தொங்கின. அவற்றின் பின்னாலிருந்த கைமரங்களின், அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களின், நுனிகள் விரலால் அழுத்தினால் உதிரும் அளவுக்கு இற்றுப்போயிருந்தன. மூன்று வருடத்தில் மரம் இற்றுப்போவதென்றால், முதலாவது மாரியிலிருந்தே அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது என்றுதான் பொருள்.

இதை ஒரு வீட்டின் கதையாக மட்டும் நான் கருதவில்லை. ஏனென்றால் கூரைப் பீலி நம் நாட்டில் இரண்டு சட்டங்களுக்கு நடுவே தொங்குகின்ற ஒரு பொருள். 2005ஆம் ஆண்டு மழைநீருக்கான தேசியக் கொள்கை வந்தது. 2007ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைத் திருத்தச் சட்டம், நகர அபிவிருத்திப் பிரதேசங்களில் எழும் கட்டடங்களில் மழைநீரைச் சேகரிக்க வழி செய்யவேண்டும் என்ற கடப்பாட்டுக்கு அடித்தளமிட்டது. அதே 2007ஆம் ஆண்டிலேயே நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் சட்டமும் வந்தது. தன் வளவில் நுளம்பு பெருக இடம் கொடுப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்த அது வழிவகுக்கிறது. முதலாவது சட்டத்துக்குப் பீலி வேண்டும். இரண்டாவது சட்டத்தின் கண்ணில், தேங்கிய பீலி குற்றத்தின் தடயம். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகி, 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததன் பின்னர், பீலியே வேண்டாம், கழற்றி எறியுங்கள் என்று சொல்பவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் மழை விட்டுச்செல்லும் நன்னீரைத்தான் கிணற்றிலிருந்து அள்ளுகிறோம். தோட்டத்துக்கு இடும் உரத்தின் நைத்திரேற்று அதில் கலக்கிறது, கரையோரங்களில் உப்பும் ஏறுகிறது. வருடத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஓரிடத்தில், 100 சதுர மீற்றர் பரப்புள்ள ஒரு கூரையில் 120,000 லீற்றர் நீர் விழுகிறது. அதில் ஐந்திலொரு பங்கு வீணானாலும் 96,000 லீற்றர் மிஞ்சும். தீவகத்தில் குடத்தோடு நெடுந்தூரம் நடப்பவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்கவேண்டியதில்லை. அங்கும் மீள்குடியேறிய கிராமங்களிலும் கட்டிக்கொடுக்கப்பட்ட பெரோசிமெந்துத் தாங்கிகள் (கம்பி வலையில் சீமெந்து பூசிய நீர்த்தாங்கிகள்) எல்லாம் ஒரு பீலியை நம்பியே நிற்கின்றன.

ஆகவே பீலி வேண்டும். அதில் தண்ணீர் நிற்கக்கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக நிறைவேற்றுவது பீலியைவிடப் பெரும்பாலும் அதைத் தாங்கும் கொளுக்கியின் கையிலேயே இருக்கிறது.

பீலிக்கு வழமையாகக் கொடுக்கப்படும் சாய்வு 200க்கு 1. அதாவது ஒரு மீற்றருக்கு 5 மில்லிமீற்றர். கொளுக்கிகளை இரண்டு அடிக்கு ஒன்றாக, அதாவது ஏறத்தாழ 600 மில்லிமீற்றர் இடைவெளியில் பொருத்தினால், ஒரு கொளுக்கிக்கும் அடுத்த கொளுக்கிக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு வெறும் 3 மில்லிமீற்றர்தான். ஒரு கொளுக்கி தன்னிடத்திலிருந்து 3 மில்லிமீற்றருக்கு மேல் கீழே இறங்கிவிட்டால், அது தனக்கு அடுத்து நீரோடும் திசையிலுள்ள கொளுக்கியை விடத் தாழ்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் தண்ணீர் நிற்கத் தொடங்குகிறது. 3 மில்லிமீற்றர் என்பது ஒரு திருகாணி சற்றுத் தளர்ந்தாலே ஏற்படும் இறக்கம். நுளம்புக்கோ மிகக் கொஞ்சத் தண்ணீர் போதும். வெப்பமான நாட்களில் முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அதைவிடக் கவலை தருவது, டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் முட்டைகள் காய்ந்த இடத்திலும் பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடியவை என்பதாகும். தை, மாசியில் தேங்கிக் காய்ந்த பீலியில் ஒட்டியிருக்கும் முட்டைகளுள் தப்பியவை, ஐப்பசியின் முதல் மழையில் பொரிக்கக் காத்திருக்கின்றன. பெட்டிக்குள் மூடிய பீலியில் அவற்றை யார் உரசிக் கழுவப்போகிறார்கள்?

இனிக் கொளுக்கி ஏன் இறங்குகிறது என்று பார்க்கவேண்டும். 6 அங்குல அகலமுள்ள அரைவட்டப் பீலி நிரம்பினால் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 9 கிலோகிராம் தண்ணீர் நிற்கும். 6 அங்குல அகலமும் 5 அங்குல ஆழமும் கொண்ட பெட்டிப் பீலியானால் ஏறத்தாழ 19 கிலோகிராம். 12 மீற்றர் நீளத்துக்கு அது 230 கிலோகிராமை நெருங்குகிறது. இந்தப் பாரம் பலகைக்கு நேர் கீழே இறங்குவதில்லை. பலகையிலிருந்து மூன்று அங்குலம் வெளியே தள்ளி நின்று, திருகாணியின் மேற்புறத்தை வெளியே பிடுங்கும் வகையில் இழுக்கிறது. இதோடு ஊறிய சருகின் பாரம், மேலிருந்து விழும் தென்னோலையின் அடி, சுத்தம் செய்ய வருபவர் பீலியிலேயே சாய்த்து வைக்கும் ஏணி ஆகியவற்றையும் சேர்க்கவேண்டும். வெளியே தெரியும் பழைய இரும்புக் கொளுக்கி பீலியை அடியிலிருந்து ஏந்திக்கொண்டிருந்தது. அது வளைந்தால் வீதியில் போகிறவருக்கும் தெரியும். மறைவான கொளுக்கியோ பெரும்பாலும் பீலியின் பின்விளிம்பிலும் முன்விளிம்பிலும் மட்டுமே பிடித்துக்கொண்டு, முழுப் பாரத்தையும் ஒன்றிரண்டு திருகாணிகளிடம் ஒப்படைத்துவிடுகிறது. அந்தத் திருகாணி எதில் இறங்கியிருக்கிறது என்பதுதான் முதற் கேள்வி. என் தங்கையின் வீட்டில் அது நார்ப் பலகையில் மட்டும் இறங்கியிருந்தது. பின்னாலிருந்த கைமரத்தை அது எட்டவில்லை. நார்ப் பலகை முகத்தை மூடுவதற்கான பொருள். தொங்கும் பாரத்தை அதனிடம் கொடுக்கக்கூடாது.

நம் ஓட்டுக் கூரைகளில் கைமரங்கள் வழக்கமாக இரண்டு அடி இடைவெளியிலேயே வருகின்றன என்பது இந்த விடயத்தில் நமக்குக் கிடைத்த வசதி. ஒவ்வொரு கைமரத்துக்கும் ஒரு கொளுக்கி என்று வைத்துக்கொண்டால் இடைவெளிக் கணக்கும் சரியாகிவிடும், பிடிமானமும் கிடைத்துவிடும். ஆனால் கைமரத்தின் வெட்டுமுகத்தில், அதாவது நாரின் போக்கிலேயே இறக்கப்படும் திருகாணி, மரத்தின் பக்கவாட்டில் இறக்கப்படும் திருகாணியளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை. புதிதாகக் கட்டும் வீட்டில் இதற்கு மிக நல்ல வழி ஒன்று உண்டு. ஓடு போடுவதற்கு முன்னரே, கைமரத்தின் பக்கவாட்டில் ஒரு பட்டை இரும்பை இரண்டு மூன்று திருகாணிகளால் இறுக்கி, அதன் முன்முனையை வளைத்துப் பீலியைத் தாங்கச் செய்வதுதான் அது. முதலாவது வரிசை ஓட்டுக்கும் முகப்புப் பலகைக்கும் நடுவே பட்டை மறைந்துவிடும். பாரமும் மரத்துக்கு நேரே போய்விடும். இந்த முறையில் தச்சரும் பீலி போடுபவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்கவேண்டும். ஓடு போட்டு முடித்து, பூச்சும் முடித்து, கடைசியில் பீலிக்கு ஆள் தேடும் நம் வழக்கத்தில் அது நடப்பதில்லை.

கட்டி முடிந்த வீடானால், பீலியின் வாயின் குறுக்கே உள்ளே மறைந்து நிற்கும் கொளுக்கி பொருந்தும். அது முன்விளிம்பின் மடிப்பினுள் ஒரு முனையைக் கொளுவி, மறுமுனையைப் பீலியின் பின்சுவரூடாகப் பலகையையும் தாண்டிக் கைமரத்தில் நீண்ட திருகாணியால் இறுக்குகிறது. பீலியின் முன்சுவரையும் பின்சுவரையும் ஒன்றாகப் பிணைத்து வாய் அகலாமல் காப்பது அதன் நன்மை. ஆனால் தகட்டுப் பீலிக்கே அது உகந்தது. பிவிசி பீலியை அப்படி ஊடுருவி இறுக்கக்கூடாது. 12 மீற்றர் நீளமான பிவிசி பீலி, மழையின் குளிர்ச்சிக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே 25 பாகை வேறுபட்டால் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் நீளுகிறது. அதே நீளமுள்ள அலுமினியம் நீள்வது 7 மில்லிமீற்றர் மட்டும். நீள இடமில்லாத பிவிசி வளைந்து நெளியும், அல்லது பொருத்தில் பிளக்கும். நெளிந்த இடத்திலெல்லாம் தண்ணீர் நிற்கும். பிவிசிக்கு வேண்டியது தாங்கிக்கொண்டே வழுக்கவிடும் பிடிப்பு.

மூன்றாவது முறையே எனக்கு மிகவும் பிடித்தது. என் தங்கையின் வீட்டுக்கும் அதையே வரைந்து கொடுத்தேன். பலகையின் முகத்தில், கைமரம் உள்ள இடங்களில் மட்டும் திருகாணி இறக்கி, நீளவாக்கில் ஒரு அலுமினியத் தண்டவாளத்தைப் பொருத்துவது. பீலியைத் தாங்கும் துண்டுகளை அந்தத் தண்டவாளத்தில் கொளுவுவது. துண்டுகளின் துளைகள் வட்டமாக இல்லாமல் மேலும் கீழும் நீண்ட துளைகளாக இருக்கவேண்டும். அப்போது தண்டவாளம் பலகையோடு ஒட்டி மட்டமாகவே ஓடும். பீலி மட்டும் அதன் முன்னே தன் சாய்வில் இறங்கிச் செல்லும். சில வருடங்களில் எங்காவது 3 மில்லிமீற்றர் இறங்கினால், அந்த ஒரு துண்டைத் தளர்த்தி உயர்த்தி இறுக்கினால் போதும். பீலியைத் துண்டு துண்டாகக் கழற்றி நிலத்தில் வைத்துக் கழுவவும் முடியும்.

மறைப்பதற்கு நான் எதிரி அல்ல என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இங்கே ஒரு காரணம் உண்டு. பீலி மட்டமாகப் பொருத்தப்படுவதற்குப் பல வீடுகளில் வீட்டுக்காரரின் கண்ணே காரணம். முகப்புப் பலகை நேராக ஓட, பீலி 12 மீற்றரில் 6 சென்ரிமீற்றர் சரிந்து சென்றால் அது கோணலாகத் தெரிகிறது; “நேராக அடியுங்கள்” என்கிறார் வீட்டுக்காரர்; மேசனும் நேராக அடித்துவிடுகிறார். பீலிக்கு முன்னால் மட்டமான ஒரு மூடுதகடு நிற்குமானால், அதன் பின்னே பீலி தனக்கு வேண்டிய சாய்வில் செல்லலாம், எவருடைய கண்ணையும் உறுத்தாது. நடுவில் உயர்த்தி இரு முனைகளிலும் இறங்கு குழாய் வைத்தால் 6 சென்ரிமீற்றர் சரிவு 3 ஆகக் குறையும். ஒவ்வொரு குழாயும் பாதி நீரையே சுமக்கும். அந்தக் குழாய்களைக் கொங்கிறீற்றுத் தூணினுள் புதைக்கும் இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. அடைத்துக்கொண்டால் தூணை உடைக்கவேண்டிவரும் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

மூடுதகட்டுக்கு இரண்டு நிபந்தனைகளை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஏணியில் நிற்கும் ஒருவர் கருவியின்றிக் கையாலேயே அதைத் திறக்கக் கூடியதாக இருக்கவேண்டும். பீலியின் அடிப்புறம் மூடப்படாமல் இருக்கவேண்டும், அப்போதுதான் ஒழுக்கு ஒழுகும் அன்றே தெரியும். அதோடு, பீலியின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட அரை அங்குலமாவது தாழ்ந்திருக்கவேண்டும். மணிக்கு 100 மில்லிமீற்றர் வீதத்தில் மழை கொட்டும்போது, 48 சதுர மீற்றர் கூரைப் பக்கம் ஒன்றிலிருந்து நிமிடத்துக்கு 80 லீற்றர் நீர் பீலிக்கு வந்து சேரும். குழாய் வாயில் ஒரு கைப்பிடி சருகு அடைத்தாலும் பீலி நிரம்பி வழியும். அது வழியத்தான் செய்யும், 2020 மார்கழியில் புரெவிப் புயலோடு வந்த மழையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அதில் ஐயம் இராது. கேள்வி அது முற்றத்தில் வழிகிறதா, சுவருக்குள் வழிகிறதா என்பதே. முன்விளிம்பு உயர்ந்து பின்விளிம்பு தாழ்ந்திருந்தால் வழியும் நீர் முழுவதும் கைமர நுனிகளையும் சுவரையும் தேடிப் போகும். என் தங்கையின் வீட்டில் நடந்தது அதுதான். கொளுக்கிகள் தளர்ந்தபோது பீலி பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

கடற்காற்றைப் பற்றியும் ஒரு சொல். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை போன்ற இடங்களில் நாகம் (துத்தநாகம்) பூசிய சாதாரணத் திருகாணி அலுமினியப் பிடிப்பில் சில மாரிகளே தாங்கும். சிறிய இரும்பு பெரிய அலுமினியத்தோடு உப்பு நீரில் சேர்ந்திருக்கும்போது, பூச்சு முதலில் கரைந்து, பின் இரும்பு துருவேறுகிறது. வெளியே தெரியும் துருவை வீட்டுக்காரர் காண்பார். மறைந்த துருவை எவரும் காணமாட்டார். ஆகவே மறைவான இடத்தில் துருவேறா உருக்குத் திருகாணியைத்தான் போடவேண்டும், கடலுக்கு மிக அருகில் 316 என்ற தரத்தில். செலவு கூடத்தான். ஒரு வீட்டின் பீலிக்கு வேண்டிய திருகாணிகள் ஓரிரு கைப்பிடியளவே என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

உள்ளூராட்சிச் சபைகளிடம் ஒரு வேண்டுகோள். கட்டட அனுமதிக்கு வரும் வரைபடத்தில் மலசலகூடக் குழியின் வெட்டுமுகத்தைக் கேட்கிறோம். கூரையிலிருந்து நீர் இறங்கும் இடத்தின் வெட்டுமுகத்தைக் கேட்பதில்லை. மறைவான பீலி வைக்கப்படும் வீடுகளுக்கு மட்டுமாவது இறவாரத்தின் வெட்டுமுகம் ஒன்றைக் கேட்டால், அதில் கொளுக்கி எதில் இறங்குகிறது, எந்த விளிம்பு தாழ்ந்திருக்கிறது, மூடுதகடு எப்படித் திறக்கிறது என்ற மூன்றையும் அலுவலர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அலுவலகம் அந்த வரைபடத்தில் கையொப்பமிடுவதும் பொருத்தமாகும், ஏனெனில் பின்னர் ஏணியில் ஏறப்போகிறவர் அவர்தான். அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தின் மாணவர்களும், கிளிநொச்சியிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தின் மாணவர்களும் நம் சந்தையில் கிடைக்கும் கொளுக்கிகளை நம் கைமரங்களில் பொருத்திப் பாரமேற்றி, எது எத்தனை கிலோகிராமில் 3 மில்லிமீற்றர் இறங்குகிறது என்று அளந்து வெளியிட்டால், அந்த ஒரு தாள் ஒவ்வொரு வன்பொருள் கடையிலும் ஒட்டத்தக்கதாக இருக்கும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பீலி போட்டவருக்குக் கடைசிக் கொடுப்பனவைக் கொடுப்பதற்கு முன்னர், மேட்டு முனையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். கால் மணி நேரம் கழித்து ஏணியில் ஏறிக் கையால் தடவிப் பாருங்கள். ஏறிப் பார்க்க வழியில்லாதபடி மூடியிருந்தால், மூடியதைத் திறந்து தருமாறு கேளுங்கள். என் தங்கையின் வீட்டில் புதிய தண்டவாளம் பொருத்திய அன்று நாங்கள் அப்படித்தான் ஊற்றிப் பார்த்தோம். ஒரு இடத்தில் மட்டும் விரலில் ஈரம் பட்டது. ஏழாவது துண்டை ஒரு நூலளவு உயர்த்திவிட்டு இறங்கினோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர் ஒருவர்,
வடமராட்சி.